துடுப்புப் போடக் கற்போம்

கோடை விடுமுறை நெருங்கினால் குடும்பந்தோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு: "இவ்வாண்டு எங்கே செல்வது?" வேளாங்கண்ணிக்குச் செல்வோர் பலர், மலையூர்களுக்குச் செல்வோர் சிலர், உறவினர் வீட்டிலேயே விடுமுறையைக் கழிப்போர் மிகப் பலர். எங்கே சென்றாலும், நீர்நிலை ஒன்றைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது நம் இயல்பு. படகு இருப்பின் ஏறி அமர்வோம். வேறொருவர் துடுப்புப் போட, நாம் கைகட்டி ஒரு சுற்றுச் சுற்றிவந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்குவோம். தம் கையால் ஒரு படகைச் செலுத்தியவர் நம்முள் எத்தனை பேர்? கடற்கரைப் பங்குகளைச் சேர்ந்தோரை விலக்கிவிட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீர்வளம் மிக்க நாட்டில் பிறந்த நாம் நீரை அறியாமல் வளர்கிறோம். நம் பிள்ளைகளையும் அவ்வாறே வளர்க்கிறோம். இக்குறையை நாமும் ஐம்பது வயது கடந்த பின்னரே உணர்ந்தோம். உணர்ந்த விதத்தையும், அதன் பயனாகக் கண்ட சில நீர்நிலைகளையும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் மறுத்த காரணம்

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், பங்கின் இளைஞர் பன்னிருவர் நம்மிடம் வந்தனர். "சாமி, இந்த லீவுல கயாக் ஓட்டப் போகணும். நீங்களும் வரணும்" என்றனர். நாம் உடனே மறுத்துவிட்டோம். நீர்விளையாட்டு வேண்டா என்று ஒரே வரியில் கூறி அனுப்பினோம். அவர்கள் முகம் வாடித் திரும்பினர். காரணத்தை அன்று நாம் கூறவில்லை, இன்று கூறுகிறோம்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கொள்ளிடக் கரையில் அமைந்த ஒரு பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்தோம். கோடையில் ஆறு வற்றி, மணல் அள்ளிய பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் அளவுதான் என்று தோன்றும். இரண்டடி எடுத்து வைத்தால் ஆள் ஆழம் இருக்கும். ஆகவே, ஞாயிறுதோறும் பூசை முடிவில், "சிறுவர் எவரும் ஆற்றுக்குச் செல்லலாகாது" என்று நாமே அறிவித்து வந்தோம். ஒரு நாள் நண்பகலில் பதினைந்து வயதுச் சிறுவர் மூவர், எவரிடமும் சொல்லாமல் ஆற்றுக்குச் சென்றனர். இருவர் திரும்பினர். திரும்பியவர்களும், தடையை மீறிய அச்சத்தால், நேரே ஊருக்குள் ஓடிவந்து சொல்லாமல் தோப்பில் ஒளிந்திருந்தனர். மாலையில்தான் செய்தி தெரிந்தது. அடக்கத்தை நாமே நடத்தினோம். அன்றிலிருந்து, எந்தப் பங்கிற்கு மாறிச் சென்றாலும், நீரின் பக்கம் இளைஞரை நாம் அழைத்துச் சென்றதில்லை.

இளைஞர்களை மறுத்தனுப்பிய சில வாரங்களில், அப்பழைய பங்கின் திருவிழாவிற்குச் செல்ல நேர்ந்தது. அச்சிறுவனின் தாயைச் சந்தித்தோம். இப்போது பேரன் பேத்தி கண்டவர். பேச்சுவாக்கில், நம் இளைஞர் கேட்டதையும் நாம் மறுத்ததையும் சொன்னோம்; அவர் நம்மைப் பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தோம் போலும். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆத்துக்குப் போகாதேன்னு நீங்களும் சொன்னீங்க சாமி, நானும் சொன்னேன். போனா எங்க பள்ளம் கெடக்கு, எங்க காலு எட்டும்னு ஒருத்தரும் சொல்லலையே."

அவர் குறை கூறும் குரலில் பேசவில்லை. ஆயினும் அச்சொல் பல நாள் நம்மை உறங்கவிடவில்லை. நம் தடை சிறுவரை ஆற்றிலிருந்து விலக்கவில்லை. ஆற்றை அறிந்த பெரியவர்களிடமிருந்துதான் விலக்கியது. ஊருக்குத் திரும்பியதும் அப்பன்னிருவரையும் அழைத்தோம். அவர்களுடைய பெற்றோரையும் கூட்டிப் பேசினோம். எளிதில் இசைந்தோர் சிலரே. "முதலில் நாமே சென்று பார்ப்போம், பின்னர் பிள்ளைகள்" என்ற உறுதியின் பேரில் ஒருவாறு ஒப்புக்கொண்டனர்.

பிச்சாவரம்

அருகில் இருப்பதைக் கருதி, முதலில் பிச்சாவரம் சென்றோம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கிழக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே, உப்பும் நன்னீரும் கலந்த கால்வாய்கள் பின்னிக் கிடக்க, அவற்றின் கரையெங்கும் அலையாத்திக் காடு அடர்ந்து நிற்கிறது. அன்று சிறுவனைக் கொண்ட ஆறும் தன் பயணத்தை முடிப்பது இவ்விடத்தில்தான் என்ற நினைவு, படகில் கால் வைக்கும்போதே நமக்கு எழுந்தது.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகுகளும் இயந்திரப் படகுகளும் உண்டு. வருவோர் துடுப்புப் படகையே தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறோம். இயந்திரப் படகு அகன்ற நீர்ப்பரப்பில் சுற்றித் திரும்பிவிடும். துடுப்புப் படகோ, இருபுறக் கிளைகளும் தலைக்குமேல் கூடி நிற்கும் குறுகிய கால்வாய்களுள் நுழையும். அங்கே வெயில் இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஒலியும் பறவைகளின் குரலுமே கேட்கும்.

இக்காட்டின் மரங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சுரபுன்னை, தன் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் பல வேர்களைச் சேற்றில் ஊன்றி, முட்டுக்கொடுத்த பந்தல்போல் நிற்கிறது. அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கிப் பின்னரே நீரில் விழுகிறது. வெண்கண்டல் மரத்தைச் சுற்றி, சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன; காற்றில்லாச் சேற்றில் வேர் மூச்சுவிடும் வழி அதுவே. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கொடிய தீங்கு விளைவிக்கும். ஆதலால், கிளைகளைப் பிடித்திழுக்கும் வழக்கமுடைய பிள்ளைகளை முன்னரே எச்சரித்து வைப்பது நன்று.

இக்காடு ஒருகாலத்தில் அழிவை நோக்கிச் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதால், அவ்விடங்கள் தாழ்ந்து, கடல்நீர் புகுந்து வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்து, மண்ணில் எதுவும் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களுடன் கூடி, மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டி, கடலேற்றம் உள்ளே வந்துபோக வழி செய்தபின் கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைந்த இழப்போடு தப்பின. 2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நம் படகைச் செலுத்திய பெரியவர், ஆரவாரமற்ற கால்வாய் ஒன்றில், நம் வேண்டுகோளுக்கிணங்கித் துடுப்பை ஓர் இளைஞனிடம் கொடுத்தார். அவன் நீரைப் படபடவென்று அடித்தான். படகு நின்ற இடத்திலேயே சுழன்றது. "தம்பி, தண்ணிய அடிக்காதீங்க. தள்ளுங்க" என்றார் அவர். ஐந்து நிமிடங்களில் படகு நேராகச் சென்றது. அவ்விளைஞனின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்ட பின்னர், அடுத்த பயணத்தை மறுக்க நம்மால் இயலவில்லை.

முட்டுக்காட்டில் ஒரு காலை

கயாக் என்பது, வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்களும் அவர்தம் அண்டை இனத்தாரும் வேட்டைக்கென ஆக்கிய சிறு படகு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மீது சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைப்பர். இரு முனையும் கூர்ந்து, ஒருவரோ இருவரோ அமரும் அளவினதாய், இருபுறமும் தட்டையான ஒரே துடுப்பால் செலுத்தப்படும். நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலம் கடன் பெற்றதுபோல, கயாக்கின் பெயரையும் உலகம் அம்மக்களிடமிருந்தே பெற்றது. இப்போது நம் நாட்டில் காண்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுள், மேலே திறந்த இருக்கை உடையவையே புதிதாகக் கற்போருக்கு ஏற்றவை. கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை, உள்ளே அகப்பட்டுக்கொள்ளும் அச்சமும் இல்லை.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முட்டுக்காடு, இதற்கு வாய்ப்பான இடம். கோவளத்திற்கு அருகே கடலோடு சேரும் உப்பங்கழி அது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் அங்கே இயங்கி வருகிறது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் இக்கழியோடு இணைகிறது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் ஒருகாலத்தில் சென்ற வழி அது.

விடியுமுன்னரே கரையில் இருந்தோம். மீனவக் குப்பத்தைச் சேர்ந்த பயிற்சியாளர், லைஃப் ஜாக்கெட் என்னும் உயிர்காப்புச் சட்டையை ஒவ்வொருவருக்கும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். சட்டை காதுவரை ஏறினால் வாரை மீண்டும் இறுக்கினார். பின்னர், "முதல்ல விழக் கத்துக்கணும்" என்று கூறி, இடுப்பளவு நீரில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே கவிழ்த்தார். கவிழ்ந்த படகை விட்டு நீங்கலாகாது. அதனைப் பிடித்துக்கொண்டே நிமிர்த்தி, குறுக்கே வயிற்றை வைத்து ஏறி, பின்னர் திரும்பி அமரவேண்டும். நம்முடைய முறை வந்தபோது, நீச்சலறியாத நாம் உள்ளுக்குள் நடுங்கியதை மறைப்பதற்கில்லை. ஒரு வாய் உப்புநீர் குடித்தோம். மறுகணம் சட்டை நம்மை மேலே தூக்கிவிட்டது. இளைஞர்கள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றனர்.

அதன்பின் கற்றவை எளியவை. துடுப்பைத் தோளகலத்தைவிடச் சற்று அகலமாகப் பிடித்தல். கையை மட்டும் வீசாது, உடலைத் திருப்பி நீரைத் தள்ளுதல். வலப்புறம் தள்ளினால் முனை இடப்புறம் திரும்பும் என்பதை நினைவிற்கொள்ளுதல். நிற்கவேண்டின் துடுப்பைப் பின்னோக்கிச் செலுத்துதல். ஒரு மணி நேரத்தில் பன்னிருவரும் ஒரே வரிசையில் சென்றனர். நாமும் இருவர் அமரும் படகின் முன்னிருக்கையில் இருந்து துடுப்புப் போட்டோம். நாரைகள் நம்மைப் பொருட்படுத்தாமல் ஆழமற்ற நீரில் நின்றன.

ஓர் எச்சரிக்கை: முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், கடல் இறங்கும்போது கழிநீர் கடலை நோக்கி விரைந்து ஓடும். சாலைப் பாலத்தைத் தாண்டிக் கடற்பக்கம் செல்லலாகாது.

மேலும் சில நீர்நிலைகள்

கொடைக்கானல் ஏரி: 1863ஆம் ஆண்டில், மதுரை ஆட்சியராயிருந்த வேரே லெவிஞ்ச் என்பவரால் அமைக்கப்பட்டது. விண்மீன் வடிவில் பல கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால், ஒவ்வொரு வளைவிலும் புதிய காட்சி தோன்றும். ஓட்டமோ கடலேற்றமோ இல்லாத நீர். ஆகவே, துடுப்பையே தொட்டறியாதவர் முதன்முதல் கற்க இதனினும் வாய்ப்பான இடம் அரிது. மிதிபடகைவிடத் துடுப்புப் படகையே நாடுக. நீர் மிகக் குளிர்ந்தது. விழுந்தோர் விரைவில் சோர்வர் என்பதை மறத்தலாகாது. உதகை ஏரியும், ஏற்காட்டு ஏரியும் இத்தன்மையனவே.

ஒகேனக்கல்: தருமபுரி மாவட்டத்தில், காவிரி பாறைகளைப் பிளந்து இறங்குமிடம். கன்னடத்தில் "புகையும் கல்" என்பது அப்பெயரின் பொருள். இங்கே பரிசலே ஊர்தி. மூங்கிலால் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தாரிட்ட வட்டக் கலம் அது. முனையும் அடிக்கட்டையும் இல்லாத அதனை நேராகச் செலுத்துவது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. ஆதலால் இங்கே நாம் பயணிகளாக மட்டும் இருப்பதே முறை. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து மிகும்போது பரிசலுக்குத் தடை விதிப்பர். தடை இருந்தால், கரையில் மீன் வறுவலோடு மனநிறைவு கொண்டு திரும்புக. "ஒரே ஒரு சுற்று" என்று எவரையும் வற்புறுத்தலாகாது.

பழவேற்காடு: சென்னைக்கு வடக்கே உள்ள இவ்வேரி, சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உப்புநீர் ஏரி. டச்சுக்காரரின் பழைய கல்லறைகளும், மகிமை மாதா திருத்தலமும், பனிக்காலத்தில் வரும் பூநாரைகளும் காணத்தக்கவை. ஏரியை ஊர்கள் "பாடு" என்னும் முறைப்படி பங்கிட்டு மீன்பிடிக்கின்றன. வலையும் படகும் அவர்களுடைய வயிற்றுப்பிழைப்பு. இவ்வேரியில்தான் 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, மகிழ்வாய்ப் படகேறிச் சென்ற குடும்பத்தினருள் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். உயிர்காப்புச் சட்டை இல்லை. படகோ அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருந்தது. அதற்கு இரண்டாண்டு முன், 2009 செப்டம்பர் 30 அன்று, தேக்கடியில் 45 பேர் இறந்தனர். பழவேற்காட்டிற்குச் செல்வோர் கரையிலேயே நின்று அவர்களை ஒரு கணம் நினைவுகூர்ந்து, பறவைகளைக் கண்டு திரும்புவதே போதும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

1. உயிர்காப்புச் சட்டை அணியாத எவரும் படகில் ஏறலாகாது. நீச்சல் அறிந்தவருக்கும், "ஐந்து நிமிடந்தானே" என்போருக்கும் இவ்விதி பொருந்தும். வார்களைக் கட்டாத சட்டை பயனற்றது.

2. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டறிக. உறவினர் அனைவரும் ஒரே படகில் செல்லவேண்டும் என்னும் ஆசையை விட்டுவிடுக. புகைப்படத்திற்காக எழுந்து நிற்பதும், அனைவரும் ஒருபுறம் சாய்வதும் ஆபத்தாகும்.

3. காலையில் செல்க. கடலோரக் கழிகளில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வலுக்கும். முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்றோடு வருவது அறிவுடைமை.

4. கடலோரங்களுக்குத் தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையிலும் புயலிலும் செல்லற்க.

5. தனியே செல்லற்க. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவிட்டுச் செல்க.

6. வலை விரித்த இடத்தில் துடுப்புப் போடாதீர். நெகிழிப் பைகளை நீரில் எறியாதீர்.

இவற்றுள் ஐந்தாவது விதியைப் பெற்றோர் இருமுறை படிக்க வேண்டுகிறோம். பிள்ளை சொல்லிவிட்டுச் செல்லவேண்டுமாயின், சொன்னால் அடி விழும் என்ற அச்சம் வீட்டில் இருத்தலாகாது.

இப்போது

நம் பாட்டன்மார் காலத்தில், காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு சிறுவர் நீந்தக் கற்றனர். தந்தையோ மாமனோ கரையில் நிற்பார். இன்று பள்ளியும் தனிப்பயிற்சியும் அம்மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டன. முட்டுக்காட்டிலிருந்து திரும்பிய இளைஞருள், நன்கு நீந்தத் தெரிந்த இருவர், சனிக்கிழமை மாலைகளில் நம் கோயிலை அடுத்த குளத்தில் சிறுவர்க்கு நீச்சல் கற்பித்து வருகின்றனர். சுரைக்குடுக்கைக்குப் பதில் மூடியிட்ட காலிப் பிளாஸ்டிக் கேன்கள். குளத்தில் கால் எட்டும் எல்லையைக் கழி நட்டுக் கயிறு கட்டிக் காட்டியுள்ளனர். பிள்ளைகளின் தாய்மார் படித்துறையில் அமர்ந்திருக்கின்றனர். முதற்சனியன்று ஒன்பது பிள்ளைகள் வந்தனர். இப்போது முப்பதுக்கும் மேல். நாமும் கற்கத் தொடங்கியுள்ளோம். இன்னும் கயிற்றைத் தாண்டவில்லை.

ஞாயிறு பூசை முடிவில் நாம் படிக்கும் அறிவிப்பும் மாறியுள்ளது. "ஆற்றுக்குச் செல்வோர் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆற்றை அறிந்த பெரியவர் ஒருவர் உங்களோடு வருவார்" என்பதே இப்போதைய அறிவிப்பு. சென்ற மாதம் சிறுவர் நால்வர் வந்து சொன்னார்கள். முதியவர் ஒருவர் கழியை எடுத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பினார்.